ஹா பார் வில்லா: அந்தச் சிலைகளைச் செய்த கைகள் யாருடையவை?

கிளமெண்டி அம்மா எழுதியது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகளைச் சிங்கப்பூரின் பழைய சிலைத் தோட்டமான ஹா பார் வில்லாவுக்கு அழைத்துப் போனேன். எட்டு வயது. யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும் என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவள், உள்ளே நுழைந்த கால் மணி நேரத்தில் என் கையை உதறிவிட்டு ஓடினாள். நண்டு உடலும் மனிதத் தலையுமாக இருக்கும் அந்தச் சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி, "அம்மா, இதை யார் செய்தது?" என்று கேட்டாள்.

"ஆவ் பூன் ஹா என்று ஒரு பெரிய பணக்காரர்" என்றேன்.

"அவரே சிமெண்ட் குழைத்தாரா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக இதே வட்டாரத்தில் இருக்கிறேன். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் அங்கே இருக்கின்றன. கட்டியவர் பெயர் ரயில் நிலையத்துக்கே வைக்கப்பட்டிருக்கிறது. செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள், இடையில் எத்தனை கை மாறியது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

பழைய பாசிர் பாஞ்சாங் எழுதியது:

அம்மா, உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் பிறந்து வளர்ந்தது தோட்டம் இருக்கும் பாசிர் பாஞ்சாங் சாலையில்தான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இப்போது பார்ப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும், கடல் அப்போது சாலைக்கு அந்தப் பக்கமே இருந்தது. கரையை மேடாக்கித் துறைமுகம் வந்தது பிற்பாடு. சீனப் புத்தாண்டு நாள்களில் குன்றில் ஏறி நின்றால் பாகோடாக்களும் கீழே படகுகளும் ஒன்றாகத் தெரியும். உள்ளே போக ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கதை ரங்கூனில் தொடங்குகிறது. ஆவ் சூ கின் என்ற ஹக்கா மருத்துவர் சீனாவின் ஃபூஜியன் வட்டாரத்திலிருந்து அங்கே போய், 1870களில் 'எங் ஆவுன் தோங்' என்ற மருந்துக் கடையைத் திறந்தார். 1908இல் அவர் இறந்ததும் மகன்கள் பூன் ஹா, பூன் பார் இருவரும் அதை நடத்தினார்கள். பூன் ஹா என்றால் சாந்தமான புலி, பூன் பார் என்றால் சாந்தமான சிறுத்தை. தலைவலிக்கும் உடம்பு வலிக்கும் நாம் எல்லாரும் தேய்த்துக்கொண்ட டைகர் பாம் அவர்கள் கடையில் பிறந்தது. மூத்தவருக்கு விற்கும் திறமை, இளையவருக்கு மருந்தறிவு. பூன் ஹா 1926இல் சிங்கப்பூருக்கு வந்தார். புலித்தலை பொருத்திய காரில் ஊர்ஊராகப் போய் வியாபாரம் செய்தார். விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று 1929இல் 'சின் சியூ ஜிட் போ' நாளிதழையே தொடங்கிவிட்டார்.

தம்பிக்காக அவர் கட்டிக்கொடுத்த வீடுதான் ஹா பார் வில்லா. 1937இல் முடிந்தது. குவிமாடங்கள் வைத்து நவீன பாணியில் அதை வரைந்த கட்டடக் கலைஞர் ஹோ குவோங் இயூ. அந்த வீடு இன்று இல்லை, வரைந்தவரும் நீண்ட நாள் வாழவில்லை. ஜப்பானியர் 1942இல் நடத்திய சூக் சிங் படுகொலையில் அவரும் கொல்லப்பட்டார். பூன் பார் ரங்கூனுக்குத் தப்பிப் போய் 1944இல் அங்கேயே இறந்தார். குன்றின் மேல் நின்று கடலில் வரும் கப்பல்களைக் கண்காணிக்க ஜப்பானியர் அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து திரும்பி வந்த பூன் ஹா, பாழாய்க் கிடந்த வீட்டை இடித்துவிட்டார். தம்பி இல்லாத வீட்டை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன். தோட்டத்தை மட்டும் விடவில்லை. 1954இல் ஹொனலூலுவில் இறக்கும்வரை சிலைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

புதுவரவு எழுதியது:

வணக்கம். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாற்றுக்கருத்து சொல்வதற்கு மன்னியுங்கள். நான் போனேன், எனக்குப் பிடிக்கவில்லை. நரகக் காட்சிகளில் நாக்கைப் பிடுங்குவது, குடலை உருவுவது, ரம்பத்தால் இரண்டாக அறுப்பது. இவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டுவது சரியா? வண்ணங்களும் கண்ணைக் குத்துகின்றன. பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் கொண்டாட வேண்டுமா?

அந்தத் தைலம் கோடாலி மார்க் அல்லவா? ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா வாங்கி வரச் சொல்வது அதுதான்.

சிராங்கூன் சாலை எழுதியது:

தம்பி, கோடாலித் தைலம் வேறு, இது வேறு. அதுவும் சிங்கப்பூர் மருந்துதான், ஆனால் லியுங் குடும்பத்தின் நிறுவனம் 1928இல் தொடங்கியது. அது பச்சை நிற எண்ணெய், இது களிம்பு. அம்மாவுக்கு இரண்டையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

தமிழாசிரியை எழுதியது:

புதுவரவு அவர்களே, நரகத்தின் பத்து நீதிமன்றங்களைப் பற்றி ஒரு சொல். என் மாணவர்களை அங்கே அழைத்துப் போனபோது நான் முதலில் கேட்டது: "ஐந்தாவது மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் அரசர் யார்?" பலகையில் யான்லுவோ என்று இருக்கும். அந்தப் பெயர் நம் எமராஜனேதான். பௌத்தத்தோடு சேர்ந்து சீனாவுக்குப் போன எமன், அங்கே நாக்குக்கு ஏற்றபடி யான்லுவோ ஆனான். கணக்குப் பிள்ளை உண்டு, ஏடு உண்டு, எருதுத் தலையும் குதிரைத் தலையும் கொண்ட கிங்கரர்கள் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், சித்திரகுப்தன் சீன உடை போட்டிருக்கிறார்!" என்று கத்தினான். அன்று நான் வேறு பாடம் நடத்தவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரங்கு அரசனோடு நடந்துவரும் துறவியின் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துறவி கற்பனைப் பாத்திரம் அல்லர். நம் பாடப்புத்தகத்தில் வரும் யுவான் சுவாங். நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 640இல், காஞ்சிபுரத்துக்கு வந்து போனவர். பாசிர் பாஞ்சாங் குன்றில் வண்ணம் பூசி நிற்கும் அந்த உருவத்தின் கால்கள் காஞ்சியின் மண்ணை மிதித்தவை. இதைச் சொன்னபோது பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து முன்னால் வந்தார்கள்.

கொடுமை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பலகைகளைப் படியுங்கள். வரி ஏய்த்தவன், சாப்பாட்டை வீணாக்கியவன், தேர்வில் ஏமாற்றியவன், வதந்தி பரப்பியவன் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கடைசி மன்றத்தில் மெங் போ என்ற கிழவி மறதித் தேநீர் கொடுக்கிறாள். குடித்தவர்கள் எல்லாவற்றையும் மறந்து அடுத்த பிறவிக்குப் போகிறார்கள். தண்டனையோடு கதை முடியவில்லை என்பதைக் குழந்தைகள்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

சுதைக்காரன் எழுதியது:

எல்லாரும் கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். குழந்தை கேட்டது சிமெண்டைப் பற்றி. அதற்கு நான் பதில் சொல்கிறேன், அது என் தொழில். மூன்று தலைமுறையாகக் கோயில் கோபுர வேலை. சிங்கப்பூரில் திருப்பணிக்கு வந்த இடத்தில் ஒரு விடுமுறை நாளில் ஹா பார் வில்லா போனேன். அன்று முழுக்க அங்கேயே இருந்தேன்.

அங்கிருப்பவை கல்லில் செதுக்கியவை அல்ல. முதலில் இரும்புக் கம்பியை வளைத்து எலும்புக்கூடு. அதன் மேல் கம்பிவலை சுற்றி உடம்பின் பருமனைக் கொண்டுவருவது. அதன் மேல் சிமெண்ட் சாந்து, முதல் பூச்சு முரடாக, அடுத்தது நைசாக. ஈரம் காய்வதற்குள் கரண்டியாலும் விரலாலும் மூக்கு, உதடு, துணி மடிப்பு. காய்ந்த பிறகு வண்ணம். எங்கள் ஊரில் முன்பு செங்கல்லும் சுண்ணாம்பும், அதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். இப்போது நாங்களும் கம்பிக்கும் சிமெண்டுக்கும் வந்துவிட்டோம். ஆகவே அந்தச் சிலைகளின் முன் நின்றபோது வேற்று நாட்டு வேலையைப் பார்ப்பதாகவே தோன்றவில்லை. துணி மடிப்பை விரலால் இழுத்துவிட்ட இடம், கரண்டி நின்று திரும்பிய இடம், எல்லாம் படித்துவிடலாம்.

செய்தவர்கள் சீனாவின் ஷாந்தோவிலிருந்து வந்த கைவினைஞர்கள். குவெக் சூன் சிம் என்ற பெயர் பதிவில் இருக்கிறது. ஆவ் பூன் ஹா கதையை வாயால் சொல்வார், அவர்கள் உருவாக்குவார்கள். வரைபடம் கிடையாது. இது எவ்வளவு கடினம் என்று தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். எங்களுக்காவது தியான சுலோகம் இருக்கிறது, தாள அளவு இருக்கிறது. முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை பங்கு என்று நூல் பிடித்துச் செய்கிறோம். நண்டு உடம்பில் மனிதத் தலை வைக்க எந்தச் சாத்திரம் அளவு சொல்லும்? எஜமானரின் வாய்ச்சொல்லும் தன் கையும்தான் துணை.

வண்ணம் கண்ணைக் குத்துகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். சிங்கப்பூர் வெயிலும் மழையும் எந்த வண்ணத்தையும் விட்டுவைக்காது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் குடமுழுக்கு தோறும் புதுப்பிக்கிறார்கள், கடைசியாக 2023இல் நடந்தது. பூசிய முதல் மாதத்தில் பளீரென்றுதான் இருக்கும். மூன்று ஆண்டு கழித்து வந்து பாருங்கள், அதுவே உங்களுக்குப் பழமையாகத் தெரியும்.

வண்ணத்தை விடப் பெரிய எதிரி உப்புக்காற்று. மயிரிழை விரிசல் போதும், ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் சிமெண்டைப் பிளக்கும். விரல் நுனிகள்தான் முதலில் போகும், அங்கே சிமெண்ட் மெல்லியது. கடலுக்கு எதிரே ஆயிரம் சிலைகளை வைத்துவிட்டு அவை எண்பது ஆண்டுக்கு மேல் நிற்கின்றன என்றால், யாரோ ஒருவர் விடாமல் விரல்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

பழைய பாசிர் பாஞ்சாங் எழுதியது:

அந்த ஒருவரின் பெயர் தியோ வியோ செங். பதின்மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே சிலைகளைப் பழுதுபார்த்து வண்ணம் பூசினார். செய்தித்தாள்களில் அவரைப் பற்றி வந்திருக்கிறது. எத்தனை நிர்வாகம் மாறினாலும் தூரிகை மாறவில்லை. இந்த இழையில் எழுத வேண்டிய முதல் பெயர் அதுதான், நான் ஆவ் குடும்பத்திலிருந்து தொடங்கிவிட்டேன்.

தொண்ணூறுகளின் படகுக்காரன் எழுதியது:

யாருமே டிராகன் வேர்ல்டு பற்றி எழுதவில்லையே! நான் அங்கே வேலை பார்த்தவன். பள்ளி முடித்துத் தேசிய சேவைக்குக் காத்திருந்த மாதங்களில், படகில் ஏறுவோருக்குக் கைகொடுக்கும் வேலை.

1985இல் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு 80 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில் புதுப்பித்து 1990 அக்டோபரில் 'ஹா பார் வில்லா டிராகன் வேர்ல்டு' என்று திறந்தார்கள். அமெரிக்கப் பாணியில் ஒரு சீனப் பூங்கா. 60 மீட்டர் நீளத்தில் ஒரு டிராகன். நரகத்தின் பத்து மன்றங்களும் அதன் வயிற்றுக்குள். முன்பு நடந்து பார்த்ததைப் படகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இருட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும், திடீரென்று ஒரு மன்றத்தில் விளக்கு எரியும், அலறல் ஒலி வரும். வெளியே தண்ணீர்ச் சறுக்கு, முப்பரிமாணக் காட்சி, பொம்மலாட்டம். முதலாம் ஆண்டு கூட்டம் அலைமோதியது. படகிலிருந்து இறங்கும் பிள்ளைகளின் கைகள் குளிர்ந்து வியர்த்திருக்கும். அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டது இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

ஆனால் அது நிலைக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து இலவசமாக வந்துபோன இடத்துக்குக் கட்டணம் வைத்தார்கள். ஒருமுறை சறுக்கியவர் இரண்டாம் முறை வரவில்லை. நட்டம் கூடிக்கொண்டே போய் 1998இல் கட்டணத்தை எடுத்தார்கள், 2001இல் இடம் அரசாங்கத்தின் பயணத்துறைக் கழகத்திடமே திரும்பியது. டிராகனை இடித்துவிட்டார்கள்.

நான் நேசித்த இடம் அது, ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். 80 மில்லியன் வெள்ளிக்குச் செய்த பொறிகளில் எதுவும் இன்று இல்லை. வரைபடமே இல்லாமல் கையால் பூசியவை நிற்கின்றன. பொறி ஓடினால்தான் வேடிக்கை, நின்றால் அது வெறும் இரும்பு. சிலை நிற்பதற்காகவே செய்யப்பட்டது.

புதுவரவு எழுதியது:

சுதைக்காரன் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் நின்று பார்க்கவில்லை, நடந்துகொண்டே பார்த்தேன் என்பது இப்போது தெரிகிறது. ஒரு கேள்வி: சுமோ வீரர்கள், கங்காரு, சுதந்திர தேவி சிலை எல்லாம் சீனப் புராணத்தில் எப்படி வந்தன? அவைதான் என்னை மிகவும் குழப்பின.

பழைய பாசிர் பாஞ்சாங் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பூன் ஹாவுக்குப் பிறகு அவருடைய சகோதரர் மகன் ஆவ் செங் சாய் பொறுப்பேற்றார். வெளிநாடு போய்வரும்போதெல்லாம் அந்த நாட்டை நினைவூட்டும் உருவங்களைச் சேர்த்தார். 'அனைத்துலக மூலைகள்' என்று பெயர். அந்தக் காலத்தில் விமானம் ஏற வசதியில்லாத எங்களுக்கு, ஆஸ்திரேலியா என்றால் அந்தக் கங்காருதான், ஜப்பான் என்றால் அந்தச் சுமோ வீரர்கள்தான். 1971இல் அவர் இறந்தார். அதன் பிறகு பெரிதாக எதுவும் சேரவில்லை.

சிராங்கூன் சாலை எழுதியது:

சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேளிக்கை என்றால் ஹா பார் வில்லா மட்டும் அல்ல. மூன்று 'உலகங்கள்' இருந்தன. ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு, ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் சகோதரர்கள் 1923இல் தொடங்கியது. 1931இல் கிரேட் வேர்ல்டு. 1937இல் ஹேப்பி வேர்ல்டு, பிற்பாடு கே வேர்ல்டு. ராட்டினம், நாடகம், நடனம், மல்யுத்தம் எல்லாம் ஒரே வளாகத்தில். தாரா சிங் மல்யுத்தம் பழகியது கிரேட் வேர்ல்டு அரங்கில்தான். என் அப்பா தேக்காவிலிருந்து நியூ வேர்ல்டுக்கு நடந்தே போவார். இன்று அங்கே ஒரு பழைய வாயில் மட்டும் சிட்டி ஸ்குவேர் மால் பக்கத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறேன். ஹாங்காங்கில் 1935இல் ஆவ் பூன் ஹா கட்டிய தோட்டமும் 2004இல் இடிக்கப்பட்டது, மாளிகை மட்டும் தப்பியது. நம் ஊரில் தோட்டம் முழுதாக இருப்பதன் அருமை அப்போதுதான் உறைத்தது.

தமிழாசிரியை எழுதியது:

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். 2021 அக்டோபரில் நரக அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து பத்து மன்றங்களைப் பார்க்கக் கட்டணம். தோட்டம் இலவசம்தான். அருங்காட்சியகம் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது, மரணத்தை எல்லாச் சமயங்களும் எப்படிப் பார்க்கின்றன என்பதை விளக்குகிறது. இருந்தாலும் பெரிய குடும்பம் ஒன்று டிக்கெட் கூடத்தின் முன் நின்று, பேசி, திரும்பிப் போனதைப் பார்த்தேன். பூன் ஹா பாமரருக்கு அறம் சொல்லத்தான் அதைக் கட்டினார், அந்த வாசல் திறந்தே இருந்திருக்க வேண்டும்.

சுதைக்காரன் எழுதியது:

டீச்சர், உங்கள் மனம் புரிகிறது. ஆனால் விரலுக்கு வைத்தியம் பார்ப்பவருக்குக் கூலி யார் கொடுப்பது? தோட்டம் முழுவதும் இலவசம், ஒரு பகுதிக்குக் கட்டணம் என்றால் நான் ஏற்றுக்கொள்வேன். அந்தப் பணம் வேலை கற்றுக்கொள்ளும் பையன்களுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். எங்கள் தொழிலிலும் பையன்கள் வருவதில்லை.

தமிழாசிரியை எழுதியது:

அப்படியானால் மாணவர்களுக்காவது ஒரு நாள் திறந்துவிடட்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

கிளமெண்டி அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை மறுபடி போனோம். சுதைக்காரன் அண்ணனின் பதிவை மகளுக்கு ரயிலிலேயே படித்துக் காட்டினேன். இந்த முறை அவள் முகங்களைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சிலையிடமும் போய் விரல்களை எண்ணினாள். மேட்டுப் பக்கம் ஒரு கடற்கன்னியின் சுண்டுவிரல் நுனி உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி அரிசி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கணுவில், பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. வெள்ளை, இளஞ்சிவப்பு, மறுபடி வெள்ளை, அடியில் ஒரு பழுப்பு. நான்கு வரை எண்ணினாள்.

சுதைக்காரன் அண்ணா, அவள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். கண்ணை முதலில் வரைவீர்களா, கடைசியிலா?

சுதைக்காரன் எழுதியது:

கடைசியில்தான் பாப்பா. மற்ற எல்லா வேலையும் முடிந்து, சாரம் பிரிப்பதற்கு முன்னால். கண் திறக்கிற அன்று நாங்கள் காலையில் சாப்பிட மாட்டோம்.